கிராக் போட்ட கம்ப்யூட்டர்

வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் வைரஸ் எப்படி வருகிறது என்று கேட்டால், எங்கோ உட்கார்ந்திருக்கும் ஹேக்கர் ஒருவன் அனுப்புகிறான் என்றுதான் பலரும் சொல்வார்கள். நான் பார்த்தவரையில், பெரும்பாலும் நாமே தேடிப்போய் டவுன்லோடு செய்கிறோம். கேட்ட இடத்திலெல்லாம் ‘யெஸ்’ கொடுத்து நாமே உள்ளே விடுகிறோம்.

எனக்குத் தெரிந்த ஒருவர் சிறிய ஊரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, சீமந்தம் என்று சுற்றுவட்டாரத்து விசேஷங்களெல்லாம் அவருடைய சிஸ்டத்தில்தான் இருந்தன. ஆல்பம் டிசைன் செய்ய ஒரு சாஃப்ட்வேரின் கிராக், அதாவது காசு கொடுக்காமல் ஓட்டும் திருட்டுப் பதிப்பு, வேண்டுமென்று இணையத்தில் தேடி எடுத்திருக்கிறார். ‘இன்ஸ்டால் செய்யும் முன் ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும்’ என்று அதிலேயே எழுதியிருந்தது. எல்லா கிராக்கிலும் இப்படித்தான் இருக்கும் என்று அவரும் ஆஃப் செய்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் விண்டோஸ் அப்டேட் ஆவதுபோல ஒரு சிறிய திரை வந்தது. முடியட்டும் என்று சாப்பிடப் போய்விட்டார். திரும்பி வந்தபோது ஒரு படமும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபைல் பெயரின் வாலிலும் புதிதாக நான்கு எழுத்துகள் ஒட்டியிருந்தன. ஃபோல்டருக்கு ஃபோல்டர் ‘ரீட்மீ’ என்று ஒரு கடிதம். 980 டாலர் கட்டினால் சாவி தருவோம், 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் 490 டாலர் போதும் என்றது அது.

“பணத்தை விடுங்க சார். இதுல ஒரு கல்யாணப் பொண்ணோட அப்பா போன மாசம் தவறிட்டாரு. ஆல்பம் இன்னும் அடிக்கல. நான் போய் என்னன்னு சொல்லுவேன்?” என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இந்த வைரஸுக்கு ஸ்டாப் ரான்சம்வேர் என்று பெயர்; டிஜேவியு என்றும் சொல்வார்கள். பெரிய வங்கிகளையோ கம்பெனிகளையோ இது குறிவைப்பதில்லை. கிராக், கீஜென், ஆக்டிவேட்டர் தேடும் சாதாரண மனிதர்களைத்தான் பிடிக்கிறது. திரையில் ஓடிய அந்த அப்டேட்டே போலி. அதற்குப் பின்னால் படங்களும் வீடியோக்களும் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டுக்கொண்டிருந்தன. வேகமாக முடிக்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு ஃபைலிலும் முதல் 150 கேபி அளவை மட்டும்தான் அது குலைக்கிறது. அதனால் பெரிய வீடியோக்களைச் சில சமயம் ஓரளவு மீட்டுவிடலாம்; போட்டோக்களை மீட்பது மிகவும் கடினம். எம்சிசாஃப்ட் நிறுவனம் 2019 அக்டோபரில் 148 வகைகளுக்கு இலவசமாகத் திறவுகோல் வெளியிட்டது. ஆனால் அதற்குள் வைரஸ்காரர்கள் பூட்டும் முறையை மாற்றியிருந்தார்கள். பின்னால் வந்தவற்றில் பெரும்பாலானவை அதற்குத் திறக்கவில்லை.

இதோடு முடிவதில்லை. பல சமயங்களில் பாஸ்வேர்டு திருடும் இன்னொரு புரோகிராமும் கூடவே இறங்குகிறது. பிரவுசரில் சேமித்து வைத்த மெயில், பேங்க், ஃபேஸ்புக் பாஸ்வேர்டு எல்லாம் அதன் வழியே போய்விடும். ஆகவே பாதிக்கப்பட்டவர் முதலில் செய்ய வேண்டியது, நெட்டைத் துண்டித்துவிட்டு, சுத்தமான வேறொரு கருவியிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுவது. இதை யாரும் சொல்லாததால் படம் போன கவலையிலேயே இருந்துவிட்டு, பிறகு அக்கவுண்டையும் இழந்தவர்கள் உண்டு.

கிராக் போட்ட விண்டோஸில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. ஆக்டிவேஷன் போய்விடும் என்று பயந்து அப்டேட்டையே நிறுத்தி வைத்துவிடுகிறார்கள். அது எவ்வளவு ஆபத்து என்பதற்கு 2017 சாட்சி. வானாக்ரை என்ற ரான்சம்வேர் பயன்படுத்திக்கொண்ட ஓட்டையை மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச் 14 அன்றே அடைத்திருந்தது. வைரஸ் பரவியது மே 12 அன்று. இடையில் கிட்டத்தட்ட இரண்டு மாதம். அப்டேட் போடாத கம்ப்யூட்டர்கள் உலகெங்கும் விழுந்தன. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைகளைக்கூடத் தள்ளிவைக்க நேர்ந்தது.

சாஃப்ட்வேர் விலை கட்டுப்படியாகவில்லை என்று சின்னக் கடைக்காரர் சொல்வது நியாயம்தான், மறுக்க மாட்டேன். ஆனால் அதற்கு வழி கிராக் அல்ல. கடிதம், கணக்கு வேலைக்கு லிப்ரே ஆபிஸ் இருக்கிறது. படம் திருத்த கிம்ப் இருக்கிறது. வீடியோ எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே கல்யாண வீடியோவுக்குத் தாராளம். புதிதாகப் பழகக் கொஞ்ச நாள் பிடிக்கும், அவ்வளவுதான். விண்டோஸ் 10, 11-இல் டிஃபென்டர் கூடவே வருகிறது. வீட்டு உபயோகத்துக்கு அது போதும் என்பதே என் கருத்து. எந்தக் காரணத்துக்காகவும் அதை ஆஃப் செய்யாதீர்கள். ‘ஆஃப் செய்’ என்று ஒரு சாஃப்ட்வேர் கேட்கிறதென்றால், அதை அழிக்க அந்த ஒரு காரணமே போதும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இத்தனையும் செய்தாலும் ஒருநாள் தவறு நடக்கலாம். அன்றைக்குக் காப்பாற்றப்போவது பேக்கப் மட்டும்தான். ஸ்டூடியோக்காரரிடமும் பேக்கப் இருந்தது. ஆனால் அந்த எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க்கை எப்போதும் சிஸ்டத்திலேயே சொருகி வைத்திருந்தார். வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிட்டது. காப்பி எடுத்து முடித்ததும் கழற்றி பீரோவில் வைத்தால்தான் அது பேக்கப்.

படம் எடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் சிஸ்டத்தில் இருப்பது உங்கள் சொத்து மட்டுமல்ல, ஊராருடையதும்கூட. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கி எல்லாவற்றையும் அதில் ஏற்றுங்கள்; ஏற்றியதும் கழற்றிவிடுங்கள். பாஸ்வேர்டு திருடுபோய் யாராவது பேங்க் பணத்தை இழந்துவிட்டால், தயங்காமல் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு போன் செய்யச் சொல்லுங்கள்.