குளிரில் இறந்தார் என்று எழுதுங்கள்: வடநாட்டுக் கடுங்குளிர் குறித்த கோரிக்கைச் சாசனம்

ஒன்றிய உள்துறை அமைச்சகத்துக்கும், தில்லி, உத்தரப் பிரதேசம், ஹரியாணா, பஞ்சாப், ராஜஸ்தான், பிகார் அரசுகளுக்கும், குளிர்காலக் கூட்டத்தொடருக்காகத் தில்லி வரும் தமிழ்நாடு, புதுச்சேரி நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் தலைநகரில் வாழும் தமிழர்கள் எழுதுவது.

வடநாட்டுச் சமவெளியில் குளிர் சொல்லாமல் வருவதில்லை. மேற்கிலிருந்து வரும் காற்றுச் சுழற்சி இமயமலையில் பனியைக் கொட்டிவிட்டு நகர்ந்ததும் வானம் தெளிகிறது. வடமேற்குக் காற்று இறங்குகிறது. பகலில் தரை வாங்கி வைத்த சொற்ப வெப்பமும் இரவில் மேலே போய்விடுகிறது. வேறு சில நாட்களில் பஞ்சாப் முதல் பிகார் வரை மூடுபனி கவிந்து, சூரியன் இருக்கிற இடமே தெரியாது. 2019 டிசம்பர் 30 அன்று தில்லி சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பகலின் உச்ச வெப்பமே 9.4 டிகிரிதான். 2021 புத்தாண்டு விடிந்தபோது அங்கே 1.1 டிகிரி. டிசம்பர் பிற்பாதியிலும் ஜனவரியிலும் இப்படிக் குளிர் வரும் என்பது தெரு நாய்க்கும் தெரியும். வானிலைத் துறையும் நாட்கணக்கில் முன்னதாகவே எச்சரிக்கிறது. ஆகவே, ‘எதிர்பாராத குளிர்’ என்று அறிக்கை விடுவதை முதலில் நிறுத்துங்கள். மற்றக் கோரிக்கைகள் அதற்குப் பிறகு.

1. குளிர்ச்சாவைக் குளிர்ச்சாவு என்று பதிவு செய்யுங்கள்.

சட்டத்தில் குறையில்லை. குளிர் அலை 2012 முதல் பேரிடர் பட்டியலில் இருக்கிறது. குளிரால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் கொடுக்க மாநிலப் பேரிடர் நிதியில் வழி உண்டு. ஒரே நிபந்தனை, இறப்புக்குக் காரணம் குளிர்தான் என்று உரிய அதிகாரி சான்று தர வேண்டும். எல்லாம் அங்கேதான் மாட்டிக்கொள்கிறது.

உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் முதலில் நடுக்கம் எடுக்கும். இன்னும் இறங்கினால் நடுக்கம் நின்றுவிடும். பேச்சு குழறும், நடை தள்ளாடும். கடைசிக் கட்டத்தில் சிலர் உடம்பு எரிவதாக உணர்ந்து போட்டிருக்கிற துணியையும் கழற்றி எறிவார்கள். ரோந்து போகிறவருக்கு இதெல்லாம் குடிபோதையாகத் தெரியும். விடிந்து பார்த்தால் உடல். குளிரால்தான் என்று உறுதியாகச் சொல்லும் அடையாளம் பிரேதப் பரிசோதனையிலும் எளிதில் கிடைக்காது. பெயர் தெரியாத உடல், கேட்க ஆளில்லை. ‘இதயச் செயலிழப்பு’ என்று எழுதிக் கோப்பை மூடிவிடலாம். யார் செத்தாலும் இதயம் நின்றுதான் சாகிறார்கள். அதைக் காரணம் என்று எழுதுவது எழுதாமல் விடுவதற்குச் சமம்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2019 முதல் 2023 வரை குளிரால் இறந்தவர்கள் 3,639 பேர். இது எழுதப்பட்டவர்களின் எண்ணிக்கை மட்டுமே என்பது அதைத் தொகுத்தவர்களுக்கே தெரிந்திருக்கும்.

நாங்கள் கேட்பது இது: நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை திறந்தவெளியில் கிடைக்கும் ஒவ்வொரு உடலுக்கும் இடம், அந்த இரவின் வெப்பநிலை, உடுத்தியிருந்த துணி, துணி நனைந்திருந்ததா என்பவை பதிவாக வேண்டும். வேறு காரணம் நிறுவப்படாதவரை அது குளிர்ச்சாவாகக் கொள்ளப்பட வேண்டும். மாவட்ட வாரியான எண்ணிக்கை வாரந்தோறும் வெளியாக வேண்டும். ஆம்புலன்சிலும் ரோந்து வண்டியிலும் தாழ்ந்த வெப்பத்தைக் காட்டும் வெப்பமானி இருக்க வேண்டும். பழைய பாதரச வெப்பமானி 35 டிகிரியில்தான் தொடங்கும். குளிரில் உறைகிற மனிதருக்கு அதைச் சொருகிப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

2. இரவுக் காப்பகங்களை, அங்கே வரவேண்டியவர்களைக் கேட்டு நடத்துங்கள்.

உணவுரிமை வழக்கின் தொடர்ச்சியாக 2010-இல் உச்ச நீதிமன்றம் நகரங்களுக்கு ஓர் அளவு வைத்தது: ஒரு லட்சம் மக்களுக்கு 100 பேர் தங்கும் ஒரு காப்பகம். தேசிய நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டம் தலைக்கு 50 சதுர அடி என்றது. தில்லியில் வீடற்றோர் 46,724 பேர் என்பது 2011 பிப்ரவரி 28 இரவில் எடுத்த கணக்கு. ஒரே இரவில், பாலத்துக்கடியிலும் கடைத் திண்ணையிலும் படுத்திருப்பவர்களை எப்படித்தான் எண்ணினார்களோ! அடுத்த கணக்கெடுப்பில் இவர்களை எண்ணப் பல இரவுகள் ஒதுக்கப்பட வேண்டும்.

காப்பகத்தில் இடம் காலியாக இருந்தது, அவர்கள்தான் வரவில்லை என்பது ஆண்டுதோறும் கேட்கிற பதில். ஏன் வரவில்லை? ரிக்‌ஷாவை வெளியே விட்டால் காலையில் இருக்காது. காப்பகம் தொலைவில் இருந்தால் விடியற்காலையில் கூலிக்கு ஆள் எடுக்கும் சந்திப்புக்கு நேரத்தில் போக முடியாது. புருஷன் ஒரு கூடாரம், பெண்டாட்டி பிள்ளைகள் வேறொரு கூடாரம் என்றால் குடும்பம் நடைபாதையையே தேர்ந்தெடுக்கும். ஆதார் கேட்டால் பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள். பேன், திருட்டு, கழிப்பறை பற்றி எழுதவே வேண்டாம். ஜாமா மசூதிப் பக்கம் இரவுக்கு ரஜாய் (பஞ்சு வைத்துத் தைத்த போர்வை) வாடகைக்கு எடுத்துப் படுக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இலவசக் காப்பகம் இருக்கக் காசு கொடுத்துத் தெருவில் படுக்கிறார்கள் என்றால் குறை எங்கே என்று அதிகாரிகளே யோசிக்கட்டும்.

வண்டி நிறுத்தக் காவலுள்ள இடம், குடும்பக் காப்பகம், பெண்களுக்குத் தனிக் காப்பகம், அடையாள அட்டை கேட்காத வாசல் ஆகியவை வேண்டும். எய்ம்ஸ் போன்ற பெரிய மருத்துவமனைகளைச் சுற்றித் தனி ஏற்பாடு வேண்டும். பிகாரிலிருந்தும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வரும் நோயாளிகளும் உடன் வந்தவர்களும் அங்கே தரையில்தான் கிடக்கிறார்கள்.

3. நவம்பர் முதல் பிப்ரவரி வரை எந்தக் குடியிருப்பையும் காப்பகத்தையும் இடிக்கக் கூடாது.

2015 டிசம்பர் 12 அன்று ஷகூர் பஸ்தியில் ரயில்வே நிலத்துக் குடிசைகள் இடிக்கப்பட்டன. அது தொடர்பான வழக்கில்தான் 2019-இல் தில்லி உயர் நீதிமன்றம், மாற்று இடத்துக்கு வழி செய்யாமல் குடிசைவாசிகளை வெளியேற்ற முடியாது என்றது. 2023 பிப்ரவரியில் சராய் காலே கானில் இரவுக் காப்பகமே இடிக்கப்பட்டது. எங்கள் ஆட்கள் வாழ்ந்த ஜங்புராவின் மதராசி கேம்ப் 2025 ஜூனில் போனது. மாற்று வீடு கிடைத்தவர்கள் நகரின் வடகோடியிலுள்ள நரேலாவுக்குப் போனார்கள், கிடைக்காதவர்களும் பலர். நீதிமன்ற உத்தரவுகளை வழக்குக்கு வழக்குத் தேடிக்கொண்டிராமல், குளிர்கால இடிப்புத் தடையை அரசாணையாகவே வெளியிடுங்கள்.

4. போர்வை. பானிபட்டில் பழைய துணியைக் கிழித்து நூலாக்கி நெய்கிற மட்ட ரகப் போர்வைதான் நிவாரணமாக வருகிறது. தரையின் குளிரை அது தடுக்காது; நனைந்தால் இருப்பதும் இல்லாததும் ஒன்றே. குறைந்தபட்ச எடை நிர்ணயியுங்கள். கீழே விரிக்க நீர் புகாத பாய் சேர்த்துக் கொடுங்கள். அக்டோபரிலேயே கொள்முதலை முடியுங்கள். கொடுக்கும்போது படம் பிடிக்காதீர்கள்.

5. தீ மூட்டுகிறவரைத் தண்டிக்குமுன் வேறு வழி கொடுங்கள்.

தில்லியின் காற்றைக் காப்பாற்றத் திறந்தவெளியில் எரிப்பதற்குத் தடை இருக்கிறது. நியாயமான தடைதான், புகையை நாங்களும் சுவாசிக்கிறோம். ஆனால் இரவு முழுக்க வாசலில் உட்காரும் காவலாளி குப்பையை எரிப்பது கொழுப்பால் அல்ல. காவலாளிகளுக்கு மின்சூடேற்றி தரும்படி குடியிருப்போர் சங்கங்களுக்குக் காற்றுத் தர ஆணையம் சொல்லியிருக்கிறது. அதைக் கட்டாயமாக்கி, அபராதத்தைக் காவலாளிக்குப் போடாமல் சங்கத்துக்குப் போடுங்கள். உத்தரப் பிரதேச மாவட்ட நிர்வாகங்கள் சந்திப்புகளில் விறகு போட்டு மூட்டும் ‘அலாவ்’ எங்கெங்கே எரிகிறது என்ற பட்டியல் மக்களுக்குத் தெரிய வேண்டும். கதவை அடைத்துக்கொண்டு கரி அடுப்போடு தூங்கி, கார்பன் மோனாக்சைடால் குடும்பமாகச் சாகிற செய்தி குளிர்காலந்தோறும் வருகிறது. இந்த ஆபத்தை வீடுவீடாகச் சொல்ல ஆஷா பணியாளர்களைப் பயன்படுத்துங்கள், அதற்கு அவர்களுக்குத் தனி ஊதியமும் கொடுங்கள்.

6. உழவர்களுக்குப் பகலில் மின்சாரம். கோதுமைக்கு முதல் தண்ணீர் விதைத்த மூன்று வாரத்தில் பாய வேண்டும். அதாவது டிசம்பரில். மின்சாரம் இரவில் வந்தால் வயல் ஈரத்தில் இரவில்தான் நிற்க வேண்டும். குஜராத் 2020-இல் தொடங்கிய கிசான் சூர்யோதய திட்டம் காலை 5 முதல் இரவு 9 மணிக்குள் பாசன மின்சாரம் தருகிறது. மற்ற மாநிலங்களால் ஏன் முடியாது?

7. எச்சரிக்கையின் அளவுகோல். சமவெளியில் குறைந்தபட்ச வெப்பம் 4 டிகிரிக்கு இறங்கினாலோ, 10 டிகிரி அல்லது அதற்குக் கீழாகி, அது இயல்பைவிட 4.5 டிகிரியாவது குறைந்திருந்தாலோ குளிர் அலை என்கிறது வானிலைத் துறை. வீட்டுக்குள் இருப்பவருக்கு இது போதும். மழையில் நனைந்து நடைபாதையில் கிடப்பவர் 9 டிகிரியிலேயே சாகலாம். மழை, காற்று, மூடுபனி ஆகியவற்றையும் சேர்த்துத் தெருவில் இருப்பவருக்கான தனி எச்சரிக்கை வேண்டும். வெயிலுக்கு அகமதாபாத் 2013-இல் செய்த நகரத் திட்டத்தைப் போல, எந்த எச்சரிக்கைக்கு எந்த அதிகாரி என்ன செய்வார் என்று எழுதிவைத்த திட்டம் ஒவ்வொரு வடநகருக்கும் வேண்டும்.

தமிழ்நாட்டு, புதுச்சேரி உறுப்பினர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். கூட்டத்தொடரின் முதல் வாரத்திலேயே எழுத்துப்பூர்வமாக இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்: சென்ற ஐந்து குளிர்காலங்களில் மாவட்ட வாரியாக எத்தனை பேருக்குக் குளிர்ச்சாவுச் சான்று தரப்பட்டது, எத்தனை குடும்பங்களுக்கு 4 லட்சம் போய்ச் சேர்ந்தது, எத்தனை விண்ணப்பங்கள் எந்தக் காரணத்தால் தள்ளப்பட்டன? பதில் வராவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மாவட்டத்துக்கு ஒன்றாகக் கட்டணம் கட்டி நாங்களே விண்ணப்பிக்கிறோம். இந்தியில் எழுதித் தரவும் பதிலைப் படித்துச் சொல்லவும் எங்களிடம் ஆள் இருக்கிறது.