ஃபியூஸைப் பிடுங்கினால் போதுமா?

'மூடு' என்று உத்தரவு போட நம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரியும். எப்படி மூடுவது என்பதில்தான் அக்கறை இல்லை.

1974-ம் வருடத் தண்ணீர் சட்டத்தில், 1988-ல் 33ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். ஆலையை மூடச் சொல்லலாம். கரண்ட்டைத் துண்டிக்கலாம். நல்ல சட்டம்தான். ஆனால் தோல் ஷெட் என்ன டியூப் லைட்டா, சுவிட்சைத் தட்டினால் அணைய? ஊறலில் கிடக்கும் தோலும் சுண்ணாம்பில் கிடக்கும் தோலும் பாதியில் விட்டால் அழுகும். சுத்திகரிப்பு நிலையத்தின் கதை இன்னும் மோசம். அங்கே கழிவைத் தின்று செரிப்பது பாக்டீரியா. அதற்குக் காற்று ஊதிக்கொண்டே இருக்கணும். ஃபியூஸைப் பிடுங்கிப் பாருங்கள், மூச்சுமுட்டிச் சாக ஆரம்பிக்கும். உள்ளே தேங்கிய கழிவு எங்கே போகும்? பாலாற்றைக் கேளுங்கள்.

2015 ஜனவரி 31. பாகாயத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில், ராணிப்பேட்டை சிட்கோ. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சகதித் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்துத் தோல் ஷெட்டில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சகதியில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்துப் பையன்கள். மூடும் உத்தரவு அதற்கப்புறம் வந்தது. தொட்டி நிரம்பும்போதே 'போதும், நிறுத்து' என்று சொல்ல ஆள் இல்லையா?

கடையை மூடுகிற மளிகைக்காரர்கூட க்ளோசிங் ஸ்டாக் எடுக்கிறார். நான் பி.காம்., எனக்கு இதுதான் முதலில் தோன்றும். மூடும் நாளில் ஊறலில் எத்தனை தோல், தொட்டியில் எவ்வளவு கழிவு, எவ்வளவு சகதி? எழுதி வாங்குங்கள். முதலில் புதுத் தோல் இறங்குவது நிற்கட்டும். ஊறியது முடியட்டும். அந்தத் தண்ணீர் சுத்தமாகட்டும். சகதி வெளியேறட்டும். கடைசியில்தான் கரண்ட்.

அதற்கும் கடைசியில் மீட்டர். கழிவை இருபத்திநாலு மணி நேரமும் அளக்கும் ஆன்லைன் கருவியைப் பொருத்தச் சொல்லி மத்திய வாரியம் 2014-லேயே உத்தரவிட்டது. எல்லாவற்றோடும் சேர்த்து அதையும் அணைத்தால் அந்தக் கடைசி நாட்களின் கணக்கு யாரிடம்? பாகாயத்து மருத்துவக் கல்லூரியில் கேட்டுப் பாருங்கள், நோயாளி கண் விழிக்கும் முன் மானிட்டரைக் கழற்றுவார்களா என்று. அளவு தாங்காமல் கருவி சில மணி நேரத்தைத் தவறவிட்டதா? 'தவறியது' என்றே பதியட்டும். அந்த இடத்தில் பூஜ்யம் போடுவது பொய்க்கணக்கு.

பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்புச் சொன்னது. 2025 ஜனவரியில் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

அவகாசம் கொடுத்தால் முதலாளிகள் இன்னொரு லோடு தோலை இறக்கிவிடுவார்களாம். இறக்குவார்கள்தான். அதற்குத்தான் கேட்டில் வாரியத்து ஆள் நிற்க வேண்டும் என்கிறேன், சீல் வைத்த கையோடு ஜீப் ஏறிப் போய்விடாமல்.