இரவில் ஒளிரும் இறால் குளம்

ராத்திரி டார்ச்சை அணைத்துவிட்டுப் பார்க்கும்போது தண்ணீரில் நீலப் பச்சை வெளிச்சம் மினுங்கினால், இறால் பண்ணைக்காரருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும்.

பேயும் இல்லை, பூதமும் இல்லை. அது 'விப்ரியோ ஹார்வேயி' என்ற பாக்டீரியா. கடல்நீரில் இயல்பாகவே இருப்பதுதான். கொஞ்சமாக இருக்கும்வரை ஒளிராது. ஒவ்வொன்றும் ஒரு ரசாயனத்தை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். கூட்டம் பெருகி, அந்த ரசாயனம் ஓர் அளவைத் தாண்டியதும் எல்லாம் சேர்ந்து ஒளிரும். ஆக, வெளிச்சம் தெரிந்தால் கூட்டம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

ஏன் கூடுகிறது? இறால் தின்னாமல் விட்ட தீவனம், கழிவு, செத்த பாசி எல்லாம் அடியில் கறுப்புச் சேறாகப் படிகின்றன. விப்ரியோவுக்கு அதுதான் விருந்து. நோய் பிடித்த இறால் சரியாகத் தின்னாது, கரையோரம் ஒதுங்கும், பிறகு சாவு தொடங்கும்.

உடனே ஆன்டிபயாடிக் வாங்கிக் கொட்டலாமா? கூடாது. மருந்துக்குத் தப்பிய கிருமிகள் மறுபடி பெருகும். அடுத்த முறை அதே மருந்துக்கு அசையாது. குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் போன்றவை இறால் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை. ஏற்றுமதிச் சரக்கில் எச்சம் தெரிந்தால் கன்டெய்னரே திரும்பி வரும்.

குளோரின் மட்டும் போதுமா? அது நல்லது கெட்டது பார்க்காமல் எல்லாக் கிருமிகளையும் கொல்லும். காலியான இடத்தில் முதலில் துண்டு போட்டு இடம்பிடிப்பது, வேகமாகப் பெருகும் விப்ரியோதான்!

1990-களில் பிலிப்பைன்ஸின் நீக்ரோஸ் தீவில் இந்த நோயால் அடிவாங்கிய பண்ணையாளர்கள் வேறு வழி பிடித்தார்கள். திலேப்பியா மீன் வளர்ந்த பச்சைத் தண்ணீரை இறால் குளத்தில் பாய்ச்சினார்கள். அதிலிருந்த பாசியும் மற்ற பாக்டீரியாக்களும் விப்ரியோவைத் தலைதூக்க விடவில்லை. பேசில்லஸ் வகை புரோபயாடிக் போடுவதும் இதே கணக்குதான்.

செய்ய வேண்டியவை:

• அறுவடை முடிந்ததும் சேற்றை அள்ளி, குளம் வெடிப்பு விடும்வரை காயப்போடுங்கள்.

• பரிசோதித்த குஞ்சுகளையே வாங்குங்கள். நெருக்கமாக விடாதீர்கள்.

• செக் ட்ரேயில் மிச்சம் இருந்தால், அடுத்த வேளைத் தீவனத்தைக் குறையுங்கள்.

• ராத்திரியும் விடியற்காலையும் ஏரேட்டரை நிறுத்தாதீர்கள்.

• புரோபயாடிக்கை நோய் வந்தபின் அல்ல, தொடக்கத்திலிருந்தே போடுங்கள்.

முக்கியமாக ஒன்று. நோய் வந்த குளத்துத் தண்ணீரைச் சுத்திகரிக்காமல் வாய்க்காலில் திறந்துவிடாதீர்கள். பக்கத்துப் பண்ணைக்காரர் மோட்டார் போட்டு இழுப்பதும் அதே தண்ணீரைத்தான்.