48 நாள் எண்ணத் தெரிந்த நமக்கு 60 நாள் எண்ணத் தெரியாதா?

கொஞ்சம் நீளமான பதிவுதான். தனியார் கம்பெனியில் வேலை செய்கிற ஒவ்வொருத்தரும் முழுசா படிச்சிடுங்க.

போன வெள்ளிக்கிழமை அன்னதானம் முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். எங்களோடு காய் நறுக்க வரும் ஓர் அக்கா ஓரமாக உட்கார்ந்து அழுதார். 11 வருஷம் ஒரே தொழிற்சாலையில் வேலை. முதுகுவலிக்கு எம்சி எடுத்ததையே குற்றமாக்கி, ஆபீசுக்குள் கூப்பிட்டு, "நீங்களே ராஜினாமா கடிதத்துல கையெழுத்து போட்டுடுங்க. இல்லன்னா டிஸ்மிஸ்தான்" என்று மிரட்டினார்களாம். பயந்துபோய் போட்டுவிட்டார். மூணு மாசம் ஆச்சு.

இந்த மூணு மாசத்தில் நம்ம ஆளுங்க அவருக்கு என்ன சொன்னாங்க தெரியுமா? "சனி சரியில்ல, எள் விளக்கு போடு." "பெரிய கம்பெனியோட மோத முடியுமா? பொறுத்துப் போ." "சாமி பாத்துக்கும்." வாரா வாரம் அவரோடு வேலை செய்த நானும் ஏன் முகம் வாடியிருக்கு என்று கேட்கவில்லை. தொண்டர் என்று சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருக்கிறது.

ஏன்னா சட்டம் அவர் பக்கம் இருந்தது. 1967ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டம், பிரிவு 20. நியாயமான காரணமில்லாமல் வேலையை விட்டு நீக்கினால், மீண்டும் வேலை கேட்டு ஜேபிபி எனப்படும் தொழிலியல் உறவுத் துறையில் மனு கொடுக்கலாம். மிரட்டி வாங்கிய ராஜினாமாவும் பணிநீக்கம்தான் என்று வாதாட இடமுண்டு. வக்கீல் வைக்க வேண்டிய அவசியமில்லை. அங்கே சமரசம் ஆகாவிட்டால் வழக்கு தொழிலியல் நீதிமன்றத்துக்குப் போகும். ஜெயித்தால் வேலை திரும்பக் கிடைக்கலாம், அல்லது இழப்பீடு. நிரந்தர ஊழியருக்கு 24 மாதம் வரை பின்சம்பளமும் உண்டு.

ஆனால் 60 நாளுக்குள் மனு போக வேண்டும். தாண்டினால் கதவு மூடிவிடும். அக்காவுக்கு மூடிவிட்டது.

தைப்பூசத்துக்கு 48 நாள் விரதத்தை ஒரு நாள் பிசகாமல் எண்ணுகிறோமே, இந்த 60 நாளை எண்ண நமக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

"சாமி பாத்துக்கும்" என்று சொல்பவர்களைக் கேட்கிறேன். விளக்கு போடுவது தப்பே இல்லை, நானும் போடுகிறேன். ஆனால் அநியாயம் செய்தவனை விட்டுவிட்டு, பாதிக்கப்பட்டவளின் ஜாதகத்தில் குறை தேடுவது பக்தியா? நம்ம பொறுமைதான் முதலாளிக்கு லாபம்.

தயவுசெய்து நினைவில் வையுங்கள்:

1. மிரட்டினால் அங்கேயே கையெழுத்து போடாதீங்க. "வீட்ல படிச்சுட்டு வர்றேன்" என்று சொல்லி கடிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வாங்க. சொந்த விருப்பத்தில் ராஜினாமா செய்ததாகப் பதிவானால், சொக்சோவின் வேலை காப்புறுதிப் பணமும் கிடைக்காது. அதற்கு விண்ணப்பிக்கவும் 60 நாள்தான்.

2. சம்பளச் சீட்டு, எம்சி, எச்சரிக்கைக் கடிதம், வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீங்க. யார், எப்போ, என்ன சொன்னார் என்று அன்றைக்கே எழுதி வையுங்க.

3. சம்பள பாக்கி, ஓவர்டைம் பிரச்சினை என்றால் போக வேண்டிய இடம் தொழிலாளர் இலாகா. வேலையே போனால் ஜேபிபி. இடம் மாறிப் போய் நாளை வீணாக்காதீங்க.

ஆலய நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அறிவிப்புப் பலகையில் பூசை நேரம் இருக்கு, உபயக்காரர் பேர் இருக்கு. பக்கத்திலே ஒரு தாள் ஒட்டுங்க: "வேலை போச்சா? 60 நாள். ஜேபிபி." பத்து காசு செலவு.

அந்த அக்கா அடுத்த வெள்ளியும் காய் நறுக்க வருவார். அவருக்கு நான் பதில் சொல்ல முடியாது. இன்னொருத்தருக்காவது நேரத்தோடு சொல்லுவோம். பகிருங்கள்.