துண்டுப்பிரசுரமும் வரலாற்றுச் சான்றே

1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாகின. நூலகத்தை இழந்த ஓர் இனத்தின் வரலாறு சிறு தாள்களிலும் எஞ்சியிருக்கிறது. 2009 ஆம் ஆண்டு இலண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்திலும் ரொறன்ரோ வீதிகளிலும் தமிழர் திரண்டு நின்றபோது வழங்கப்பட்ட துண்டுப்பிரசுரங்களும் ஏந்தப்பட்ட சுவரொட்டிகளும் அத்தகையவையே.

புலம்பெயர் நாடுகளில் ஆய்வேடு எழுதும் இளையோர் இவற்றைச் சான்றாகக் காட்டத் தயங்க வேண்டியதில்லை. ஏபிஏ போன்ற மேற்கோள் முறைகளில் இவற்றுக்கு இடமுண்டு. வெளியிட்ட அமைப்பு, ஆண்டு, தலைப்பு ஆகியவற்றைத் தந்து, அது துண்டுப்பிரசுரமா சுவரொட்டியா என்பதைப் பகர அடைப்புக்குறிக்குள் குறித்தல் வேண்டும். ஆண்டு அச்சிடப்படாவிடின் 'திகதியில்லை' என்றே எழுதவேண்டும். ஊகத்தை உண்மைபோல் எழுதலாகாது. தாள் பேணப்படும் இடத்தையும் சுட்டினால்தான் பிறர் சரிபார்க்க இயலும்.

எனினும், துண்டுப்பிரசுரம் மெய்ப்பிப்பது அதை வெளியிட்டோர் அன்று என்ன கூறினர் என்பதை மட்டுமே. அதிலுள்ள எண்ணிக்கைகளும் நிகழ்வுகளும் வேறு சான்றுகளாலும் உறுதிப்படவேண்டும். இந்த நேர்மையே தமிழரின் ஆய்வுகளுக்கு உலக அரங்கில் மதிப்பைத் தேடித்தரும்.

பெற்றோருக்கும் இதில் பங்குண்டு. வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் தாள்கள் எங்கே, எப்போது கிடைத்தன என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குறித்து வைக்கவேண்டும். 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகம் போன்ற ஆவணகங்களிடம் அவற்றைச் சேர்ப்பிக்கவேண்டும். இன்று குப்பையில் வீசப்படும் தாள், நாளை நிறுவ முடியாத வரலாறாகிவிடும்.