'சூப்பர்' என்று எழுதினால் போதுமா?

என் பேத்தி கல்லூரியில் கணினி படிக்கிறாள். ஆளுக்கொரு இணையதளம் வடிவமைத்து, ஒருவர் செய்ததை இன்னொருவர் பார்த்துக் கருத்து எழுத வேண்டுமாம். தோழியின் தளத்துக்கு 'சூப்பர்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். "குறை சொன்னா கோச்சுக்குவா தாத்தா!"

புதுச்சேரியில் நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஆசிரியர் வாசிக்க நாங்கள் எழுதும் 'திக்தே' உண்டு. பிழைக்கு 4 மதிப்பெண் போகும். 5 பிழை என்றால் இருபதுக்குச் சுழி. நோட்டை மாற்றித் திருத்தும்போது நண்பனின் பிழைகளைப் பாவம் பார்த்து விட்டுவிடுவேன். பரீட்சையில் அதே பிழைகளைச் செய்து சுழி வாங்கினான். "அப்பவே சொல்லியிருக்கலாமேடா" என்றான். இன்றும் உறுத்துகிறது.

அந்தத் தளத்தை நானும் பார்த்தேன். ஒரு கடைக்கானது. வண்ணங்கள் அழகு. ஆனால் வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து. கண்புரை அறுவை செய்துகொண்ட எனக்குத் தொலைபேசி எண்ணே தெரியவில்லை.

"நல்லதை முதலில் சொல். பிறகு எந்த இடம், யாருக்குச் சிரமம், எப்படி மாற்றலாம் என்று எழுது" என்றேன். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்று சர்வதேச வழிகாட்டி இருப்பதை அவளே தேடிச் சொன்னாள். அளவைக் காட்டிச் சொன்னால் அது குறை அல்ல, உதவி.

அலுவலகத்தில் 'திருத்தி எழுதுக' என்று மட்டும் கிறுக்கிய அதிகாரிகளிடம் நான் ஒன்றும் கற்கவில்லை. தவறான வரியைத் தொட்டுக் காட்டியவர்களிடம்தான் கோப்பு எழுதக் கற்றேன். தோழமைக்கும் அதுதான் அழகு.