ராக்கெட்டைப் பாருங்கள், நெடுஞ்சாலையில் நிறுத்தாதீர்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்வோரும் கவரைப்பேட்டை, எளாவூர், ஆரம்பாக்கம் பகுதிகளில் குடியிருப்போரும் சேர்ந்து, சென்னை–கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையில் பயணம் செய்யும் அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம்: ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பும்போதும், பூண்டி ஏரி திறந்து காரனோடைப் பாலத்தின் கீழ் கொசஸ்தலை ஆறு பெருக்கெடுத்து ஓடும்போதும், படம் எடுப்பதற்காகச் சாலையோரம் வண்டியை நிறுத்தாதீர்கள். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் ஆபத்தை உணர்ந்து பிரேக்கை மிதிக்க இரண்டரை நொடி என்று வைத்துத்தான் நம் சாலைகளை வடிவமைக்கிறார்கள். அதற்குள்ளேயே 55 மீட்டர் போய்விடும். காட்டுப்பள்ளி, எண்ணூர் துறைமுகங்களிலிருந்து பாரம் ஏற்றி வரும் டிரெய்லர் நிற்க இன்னும் நெடுந்தூரம் வேண்டும். ராக்கெட் கிளம்பும் நேரத்தில் அந்த ஓட்டுநரின் கண்ணும் வானத்துக்குப் போகக்கூடும்.

"ஓரமாகத்தானே நிறுத்துகிறோம், விளக்கையும் போட்டிருக்கிறோம், ஒரு நிமிடம்தானே" என்பார்கள். அந்த ஓரம் காலியிடம் அல்ல. ஷிப்டு முடிந்து பைக்கில் வீடு திரும்பும் தொழிலாளிக்கு அதுதான் வழி. அங்கே ஒரு கார் நின்றால் அவர் வலப்பக்கம் விலகி லாரிகளுக்கு நடுவே புகுந்தாக வேண்டும். நிறுத்தியவர் படத்தோடு போய்விடுவார். உயிரைப் பணயம் வைப்பது வேறொருவர். 2022இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் மூன்றில் ஒருவருக்கும் மேல் தேசிய நெடுஞ்சாலைகளில் இறந்தவர்கள். மொத்தச் சாலை நீளத்தில் இவற்றின் பங்கோ சுமார் இரண்டு சதவீதம்தான்.

லாரிகள் மணிக்கணக்கில் நிற்கின்றனவே என்ற கேள்வி நியாயமானது. அதுவும் தவறுதான், அவற்றுக்கு முறையான நிறுத்துமிடம் வேண்டும் என்று நெடுஞ்சாலை ஆணையத்தைக் கேட்கிறோம். ஆனால் ஒரு தவறு இன்னொன்றுக்கு அனுமதி ஆகாது. படம் எடுப்பதை யாரும் தடுக்கவில்லை. பிறருக்கு ஆபத்தோ இடையூறோ உண்டாகும்படி வாகனத்தை நிறுத்துவதைத்தான் மோட்டார் வாகனச் சட்டத்தின் 122ஆம் பிரிவு தடுக்கிறது. பொதுவழியில் ஆபத்தையோ தடையையோ உண்டாக்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 285ஆம் பிரிவின்படி 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். வண்டி பழுதாகி நிற்பது வேறு விஷயம்.

ராக்கெட்டை நேரில் காண விரும்புவோருக்காக இஸ்ரோ 2019 முதல் ஸ்ரீஹரிகோட்டாவில் பார்வையாளர் மாடம் நடத்துகிறது. முன்பதிவு செய்து போகலாம். இடம் கிடைக்காவிட்டால் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, போக்குவரத்து இல்லாத திறந்தவெளியில் நின்று பாருங்கள். வெள்ளத்தைப் பொறுத்தவரை, பாலமும் வேண்டாம், ஆற்றங்கரையும் வேண்டாம். அந்தப் படத்தை விட்டுவிடுங்கள். சாலையில் ஆபத்தாக வாகனம் நிற்பதைக் கண்டால், உங்கள் வண்டியில் உடன் வருபவரை 1033 என்ற எண்ணுக்கு அழைத்துச் சொல்லச் சொல்லுங்கள்.